படிவத்தில் ஒரு கட்டம்

இன்றைய உரையின் பொருள் வேலையிடச் சமத்துவம். பல சாதியினர், பல ஊரினர், ஆண், பெண், திருநர், மாற்றுத்திறனாளி என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஒரே மதிப்போடு வேலை பார்ப்பது எப்படி என்பது கேள்வி. அந்தக் கேள்வியைப் பார்க்கும் களம் சேலம், நாமக்கல் சமவெளி.

ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்கலாம். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பாலினம். பாலினம் என்ற சொல்லுக்கு எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று ஆண், மற்றொன்று பெண். பெரும்பாலானோர் ஒரு கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். கை அந்த இடத்தில் அரை நொடிகூட நிற்காது. ஆனால், இரண்டு கட்டமும் பொருந்தாத ஒருவர் அந்தப் படிவத்தை என்ன செய்வார்?

சேலத்தில் பிறந்து, கணினிப் பயன்பாட்டியலில் பட்டம் பெற்ற திருநங்கை கே. பிரித்திகா யாஷினிக்கு இந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது. காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆக வேண்டும் என்பது அவர் விருப்பம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் மூன்றாம் பாலினத்துக்கு இடம் இல்லை. சான்றிதழில் இருந்த பழைய பெயரும் விண்ணப்பத்தில் இருந்த புதிய பெயரும் ஒத்துப்போகவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. படிப்பு குறைவா? இல்லை. வயது தாண்டிவிட்டதா? இல்லை. கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எழுத்துத் தேர்வு எழுத அனுமதி கிடைத்தது. அடுத்த தடை மதிப்பெண். திருநருக்கென்று தகுதி மதிப்பெண் எதுவும் வகுக்கப்படாததால் அதற்கும் நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது, 28.5 என்றிருந்த அளவு அவருக்கு 25 ஆனது. அதற்கடுத்த தடை ஓட்டம். 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறக்குறைய ஒரு நொடி பிந்தினார். 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அவர் அந்தப் பணிக்குத் தகுதியானவர் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆளெடுப்பிலிருந்து மூன்றாம் பாலினத்தைத் தனி வகையாகச் சேர்க்கவும் வாரியத்துக்கு உத்தரவிட்டது. 2017 ஏப்ரலில் அவர் தருமபுரி மாவட்டத்தில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். நாட்டிலேயே திருநங்கை ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை.

மூன்றாம் பாலினம் என்ற அடையாளத்தை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலிலேயே சட்டப்படி ஏற்றுவிட்டது. தமிழ்நாடு அதற்கும் முன்பே, 2008இல், திருநங்கையர் நல வாரியம் அமைத்துவிட்டது. நலத்திட்டம் இருந்தது, தீர்ப்பு இருந்தது, நல்லெண்ணமும் இருந்தது. வேலைக்கான படிவத்தில் மட்டும் கட்டம் இல்லை. இந்த உரை முழுவதும் திரும்பத் திரும்ப வரப்போகும் செய்தி இதுதான். வேலையிடத்தில் சமத்துவம் தங்கியிருப்பது படிவம், ஆணை, சுற்றுப் பட்டியல், கூலிப் பதிவேடு, உட்காரும் முக்காலி போன்ற சின்னஞ்சிறு ஏற்பாடுகளில்தான். அங்கே இல்லாத சமத்துவம் மேடையில் எவ்வளவு முழங்கினாலும் தொழிலாளியின் கைக்கு வந்து சேராது.

அப்படியானால், கட்டம் போட்டு வேலையைப் பகிர்வது இந்த மண்ணுக்குப் புதிதா? புதிதே இல்லை. அதற்கு 1920களுக்குப் போக வேண்டும்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்தவர் ப. சுப்பராயன். 1926 டிசம்பர் முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்தவர். வேலையில் வகுப்புவாரி உரிமை பற்றிய ஆணை நீதிக்கட்சி ஆட்சியில் 1921இலேயே பிறந்துவிட்டது. ஆனால், அது பெரும்பாலும் காகிதத்திலேயே கிடந்தது. சுப்பராயன் அமைச்சரவையில் எஸ். முத்தையா முதலியார் அமைச்சரான பிறகுதான், 1928 வாக்கில், அது நடைமுறைக்கு வந்தது. அரசு வேலை 12 காலியானால் அவற்றை எந்த வரிசையில் நிரப்புவது என்று அதன் சுற்றுப் பட்டியல் கணக்குச் சொன்னது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1.

இந்தக் கணக்கின் வலிமை எங்கே இருந்தது? ஆளெடுக்கும் அதிகாரி நல்லவரா, கெட்டவரா என்று அது விசாரிக்கவே இல்லை. யாருடைய முறை என்று மட்டும் பார்க்கச் சொன்னது. முறை வந்தால் அந்த வகுப்பிலிருந்து ஆள் எடுத்தாக வேண்டும். சிபாரிசுக் கடிதமும் உறவுமுறையும் வழக்கமாக நுழையும் இடத்தில் வரிசை எண் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பன்னிரண்டில் ஒன்று என்பது ஒடுக்கப்பட்ட மக்களின் எண்ணிக்கைக்கு மிகக் குறைவான பங்கு. 1947இல் சுற்று 14 இடங்களாக மாற்றப்பட்டு, அவர்களுக்கு 2 இடம் ஆனது. பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியாக 2 இடம் வந்தது.

1951இல் உச்ச நீதிமன்றம் இந்த முறையைச் செல்லாது என்றது. செண்பகம் துரைராஜன் வழக்கு கல்லூரி இடம் பற்றியது, வெங்கடரமணா வழக்கு அரசு வேலை பற்றியது. சென்னை மாநிலம் கொந்தளித்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டு, கல்வியில் பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் மக்களுக்கும் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு உறுதியானது. வேலையில் அந்த அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவே தந்திருந்தது.

சுற்றுப் பட்டியலில் பொதுவான ஒரு கட்டம் போட்டுவிட்டால் அதற்குள் இருக்கும் எல்லோருக்கும் அது போய்ச் சேர்ந்துவிடுமா? சேலம், நாமக்கல், ஈரோடு, கோவை வட்டாரங்களில் பெருந்தொகையாக வாழும் அருந்ததியர் இதற்கு விடை. நகராட்சித் தூய்மைப் பணியிலும் தோல் தொழிலிலும் பண்ணைக் கூலியிலும் தலைமுறை தலைமுறையாகத் தள்ளப்பட்ட மக்கள் இவர்கள். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் இவர்கள் பெற்றது சொற்பம். 2009இல் தமிழ்நாடு அரசு அதற்குள் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கென ஒதுக்கிச் சட்டம் செய்தது. இப்படி உள்ளே பிரித்துத் தருவது சரியே என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் தேவைப்பட்டது. போட்ட பிறகுதான் அலுவலக நாற்காலி அவர்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது.

இனிப் பெண்களின் பக்கம். பழைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் நாமக்கல்லும் அதற்குள் அடங்கியிருந்தன. 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் பிரிந்தது. அந்தப் பழைய மாவட்டத்தின் ஓசூரில்தான், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி அன்னா ராஜம் சார் ஆட்சியராகப் பணி தொடங்கினார். கேரளத்தில் பிறந்து கோழிக்கோட்டில் வளர்ந்து சென்னையில் படித்தவர். 1951ஆம் ஆண்டுத் தொகுதி. நேர்முகத் தேர்விலேயே, பெண்ணுக்கு வெளியுறவுப் பணியோ வேறு மத்தியப் பணியோதான் ஏற்றது என்று திசைதிருப்பப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. சென்னை மாநிலத்துக்கு வந்த பிறகும், மாவட்டத்துக்கு அனுப்பத் தயக்கம்; கோட்டையில் மேசை வேலை தருகிறோம் என்றார்கள். குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் ஆண்களோடு சேர்ந்துதானே முடித்தேன், எனக்கு மட்டும் ஏன் மேசை என்று வாதாடித்தான் ஓசூரைப் பெற்றார்.

அவருக்குக் கிடைத்த பணி ஆணையில் ஒரு வரி இருந்தது. திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்பது அதன் கருத்து. அவரோடு தேர்வான ஆண்கள் யாருடைய ஆணையிலும் அந்த வரி இல்லை. ஒரே தேர்வு, ஒரே பயிற்சி, ஒரே சம்பளம். ஆனால், ஒரு வரி கூடுதல். சில ஆண்டுகளில் அந்த விதி கைவிடப்பட்டது. வெளியுறவுப் பணியில் அதே தன்மையுள்ள விதி இன்னும் நெடுங்காலம் வாழ்ந்தது, சி.பி. முத்தம்மா என்ற தூதரக அதிகாரி தொடுத்த வழக்கில், 1979இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்தார்.

சேலம் மாவட்ட ஆட்சியர் நாற்காலியில் பெண் உட்கார எவ்வளவு காலம் ஆயிற்று? 1792இல் அலெக்சாண்டர் ரீட் முதல் ஆட்சியர். முதல் பெண் ஆட்சியராக ரோகிணி பாஜிபாகரே பொறுப்பேற்றது 2017இல். 225 ஆண்டுகள்! பக்கத்துத் தருமபுரியில் பிரித்திகா யாஷினி சீருடை அணிந்து நின்றதும் அதே ஆண்டுதான். திறமையான பெண்கள் அதுவரை இந்த வட்டாரத்தில் பிறக்கவில்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். சுப்பராயனின் துணைவியார் இராதாபாய், 1938இலேயே டெல்லி மத்தியச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனவர். திறமை இருந்தது. வழி திறக்கவில்லை.

இதுவரை சொன்னவை அரசு வேலை. அங்கே 16ஆவது பிரிவு இருக்கிறது; சமயம், இனம், சாதி, பால், மரபு, பிறந்த இடம், வசிப்பிடம் என்று எதைக் காட்டியும் பாகுபாடு கூடாது என்று அது கட்டளையிடுகிறது. சேலம் உருக்காலை போன்ற பொதுத்துறை நிறுவனத்திலும் சுற்றுப் பட்டியல் உண்டு. 1981இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையில் முதல் தலைமுறைத் தொழிற்கல்விப் பிள்ளைகள் பலர் நிரந்தர வேலைக்குப் போனது அப்படித்தான். ஆலையைத் தனியாருக்கு விற்கும் பேச்சு எழுந்தபோது தொழிலாளர்கள் பதறியதற்கு இதுவும் ஒரு காரணம். தனியார் கைக்குப் போன ஆலையில் அந்தப் பட்டியல் செல்லாது.

ஆனால், இந்தச் சமவெளியில் மிகப் பெரும்பான்மை வேலை தனியாரிடம் இருக்கிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் குழாய்க்கிணறு போடும் ரிக் வண்டிகள், பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகள், சேலம் சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஆத்தூர், இராசிபுரம் வழியெங்கும் சேகோ என்னும் ஜவ்வரிசி ஆலைகள், எல்லாப் பக்கமும் கோழிப்பண்ணைகள். இங்கெல்லாம் ஆள் எடுப்பது எப்படி? விளம்பரம் இல்லை, படிவம் இல்லை, தேர்வு இல்லை. “தெரிஞ்ச பையன் யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க” என்ற ஒரு வாக்கியம் போதும். மாமன் சொல்வார், மச்சான் வருவான். பட்டறையில் ஏற்கெனவே இருக்கும் ஆள் தன் ஊரிலிருந்து, தன் தெருவிலிருந்து இன்னொருவரைக் கூட்டி வருவார்.

இந்த முறையில் ஒரு நன்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. தொழில் தெரியாத சிறுவன் உறவுக்காரர் நிழலில் நின்று வெல்டிங் கற்றுக்கொள்கிறான். வங்கி தராத முதலை உறவினர் தருகிறார்கள். படிப்பு அதிகம் இல்லாத உழவர் குடும்பங்கள் ஒரே தலைமுறையில் நூறு லாரிக்கு அதிபர்களாக எழுந்தது இந்தக் கைகொடுக்கும் பழக்கத்தால்தான். ஆனால், அதே பழக்கம் அந்தத் தெருவில் வசிக்காதவனுக்கு மதிலாக நிற்கிறது. ‘தெரிஞ்ச பையன்’ என்பதில் சாதியின் பெயர் ஒருமுறைகூட உச்சரிக்கப்படுவதில்லை. உச்சரிக்கப்படாமலேயே அது ஆளைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடுகிறது. தனியார் ஆளெடுப்பில் சாதி பார்ப்பதைத் தடுக்கவென்று தனியான பொதுச் சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. இது சட்டத்தின் பெரிய ஓட்டை.

விதிவிலக்கான முயற்சிகள் இந்த மண்ணில் நடந்ததுண்டு. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். நூற்பு, நெசவு, கதர் விற்பனை என அது ஓர் உற்பத்திக்கூடம். தீண்டாமை உச்சத்தில் இருந்த காலத்தில் அங்கே எல்லாச் சாதியாரும் ஒன்றாக உழைத்து ஒன்றாக உண்பது என்பது நிறுவனத்தின் விதி. அந்த விதியைப் பழைமை விரும்பிகள் எதிர்த்தார்கள். விதி நின்றது. இன்று ஒரு விசைத்தறிக் கூடமோ தனியார் மருத்துவமனையோ தன் கதவில் “ஆள் தேவை” என்று எழுதிப் போட்டு, வந்தவர் எல்லோரையும் ஒரே அளவுகோலால் பார்த்து எடுத்தால், அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆள் எடுத்தாயிற்று. கூலி எப்படி? கட்டட வேலையில் இரண்டு சொற்கள் உண்டு. கொத்தனார் என்பது ஒன்று, சித்தாள் என்பது மற்றொன்று. கரண்டி பிடித்து வேலை பார்ப்பவர் கொத்தனார். கல்லும் கலவையும் சுமந்து கொடுப்பவர் சித்தாள். ஆண் சித்தாளாகச் சேர்ந்தால் நாலைந்து ஆண்டில் கரண்டி பிடித்துவிடுவான். பெண் சித்தாளாகச் சேர்ந்தால் முடி நரைக்கும்வரை சித்தாள்தான். கொத்தனார் என்பதற்குப் பெண்பால் சொல்லே புழக்கத்தில் இல்லை. கைத்தறியில் தார் சுற்றுவது பெண், தறியில் உட்கார்வது ஆண். சேகோ ஆலையில் கிழங்குத் தோலை உரிப்பது நெடுங்காலமாகப் பெண்களின் கைவேலை, இயந்திரமும் அடுப்பும் ஆண்கள் பொறுப்பு. வேலையை முதலில் இரண்டாகப் பிரிப்பது, பிறகு ஒரு பாதிக்குக் குறைந்த கூலி வைப்பது, அதன் பிறகு “வேலை வேற, கூலி வேற” என்று நியாயம் சொல்வது: இந்த வரிசையில்தான் நடக்கிறது.

1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. ஒரே வேலைக்கு மட்டும் அல்ல, ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆண் பெண் கூலி ஒன்றாக இருக்க வேண்டும் என்றது அது. 1987இல் மெக்கினன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தின் பெண் சுருக்கெழுத்தர் வழக்கில், பெண்களுக்கென்று தனிப்பிரிவு ஒன்றை உண்டாக்கிக் குறைத்துக் கொடுப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டம் அந்த விதியைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. ஆனால், எழுத்தில் இருக்கும் கூலியைத்தான் சட்டத்தால் அளக்க முடியும். கோழிப்பண்ணையில் கணவன், மனைவி இருவரையும் ஜோடியாக வேலைக்கு வைத்து, சம்பளத்தைக் கணவன் கையில் கொடுத்தால் மனைவியின் கூலி எவ்வளவு? பதிவேட்டில் அவள் பெயரே இல்லை என்றால் எதோடு எதை ஒப்பிடுவது? கூலிப் பதிவேட்டில் அவளுக்கென்று ஒரு வரி வேண்டும். சமத்துவம் அந்த வரியிலிருந்துதான் தொடங்க முடியும்.

அடுத்தது ஒரு முக்காலியின் கதை. பெரிய ஜவுளிக்கடைகளில் சேலை விரித்துக் காட்டும் பெண்கள் காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே இருப்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கால் வீங்கும், நரம்பு சுருளும், மாதவிலக்கு நாளில் உயிர் போகும். இது வெறும் கடைப் பழக்கம். எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. கோழிக்கோட்டில் விஜி என்ற தொழிலாளர் தலைவியின் முன்னெடுப்பில் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் ஒவ்வொருவருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும் என்றது. ஒரு முக்காலியை வாங்கிப் போடச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பது நெஞ்சைச் சுடும் செய்தி. அதைவிட முக்கியம், அந்த முக்காலி போட்ட பிறகு அதில் உட்கார்பவரை மேற்பார்வையாளர் முறைக்காமல் இருப்பது.

இரவு வேலையும் இதே வகை. தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவில் வேலைக்கு வைக்கத் தடை போட்டிருந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் வாய்ப்பு மறுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியபோது வெறுமனே நீக்கவில்லை. வீடுவரை வாகனம், தனி ஓய்வறை, தனியாக விடாமல் குழுவாக வேலை என நிபந்தனைகளை அடுக்கியது. தடையை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கண்டுகொண்டது.

இப்போது நாமக்கல் முட்டையைப் பின்தொடர்ந்து போகலாம். பண்ணையிலிருந்து கிளம்பும் முட்டை தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்களுக்குப் போகிறது. அங்கே அதை வேகவைப்பவர் யார்? சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் ஆகிய பணிகள் பெரும்பாலும் பெண்களின் பணிகள். கிராமத்துப் பெண்ணுக்கு அரசு தரும் மதிப்புள்ள வேலைகளில் அது ஒன்று. சமையலர் நியமனத்தில் தலித் மக்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது. அடுப்படியில் சாதி உடைந்தால் ஊரிலும் உடையும் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளிக்கு அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பெண் சமையலர் ஒருவர் மாறுதலில் வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் சிலர் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? மறித்தவர்களை விலக்குவதற்குப் பதில் சமையலரின் மாறுதலை ரத்து செய்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, போராட்டம் நடந்தது, ரத்து திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. நியமன ஆணை சரியாகவே இருந்தது. அதைக் காப்பாற்ற வேண்டிய கை முதல் நாளில் தளர்ந்துவிட்டது. பிரச்சினை வேண்டாம், ஆளை மாற்றிவிடலாம் என்று நினைக்கும் ஒவ்வொரு அலுவலகத்திலும் பாதிக்கப்பட்டவரே இடம் மாற்றப்படுகிறார். இது வேலையிடங்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் அநீதி, இதற்கு நிர்வாக வசதி என்று பெயர் சூட்டுவதும் வழக்கம்.

பாலியல் சீண்டலிலும் கதை இதுவேதான். புகார் கொடுத்தவர் வேறு பிரிவுக்குப் போவார், சீண்டியவர் அதே நாற்காலியில் இருப்பார். இராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசு ஊழியர் பன்வாரி தேவி 1992இல் வன்புணர்வுக்கு ஆளானார். அதையொட்டி எழுந்த விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் சட்டம் வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். மூத்த பெண் ஊழியர் தலைவர், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகாரை மூன்று மாதத்துக்குள் தர வேண்டும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

பத்துப் பேர் என்பது இந்தச் சமவெளிக்கு மிக முக்கியமான எண். கொலுசுப் பட்டறையில் ஐந்து பேர், தறிக்கொட்டகையில் ஆறு பேர், துணிக்கடையில் எட்டுப் பேர் என்றால் அங்கே உள்ளகக் குழு இருக்காது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் இருக்காது. இவர்கள் எல்லோருக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. ஆனால், பனங்காட்டில் வீட்டிலேயே வளையம் கோர்த்துக் கூலி வாங்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு குழு இருப்பது தெரியுமா? ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்வர அவளுக்கு ஒரு நாள் கூலி போகும். குழு அவளைத் தேடிப் போவதற்கு ஒரு வழி செய்யாதவரை அந்தச் சட்டம் பெரிய அலுவலகங்களுக்கு மட்டுமான சட்டமாகவே இருக்கும்.

விசைத்தறியில் இன்னொரு முடிச்சு உண்டு. அதற்குப் பெயர் பாக்கி. தொழிலாளி வேலைக்குச் சேரும்போது அட்வான்ஸ் வாங்குவார். கல்யாணம், மருத்துவம், வீட்டுச் செலவு என்று அது ஏறும். பாக்கி தீராமல் வேறு தறிக்குப் போக முடியாது. போனால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டித்தான் எடுப்பார். குமாரபாளையத்தில் களஆய்வு செய்த மானுடவியலாளர் கியர்ட் டி நெவே இதை விரிவாக எழுதியிருக்கிறார். பாக்கி தலைக்கு மேல் இருக்கும் ஒருவர் மேற்பார்வையாளர் மீது புகார் கொடுப்பாரா? சம கூலி கேட்பாரா? கடனும் சமத்துவமும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியாது. புகார்ப் பெட்டி வைப்பதற்கு முன்னால் பாக்கிக் கணக்கை முடிக்க வேண்டும்.

மகப்பேறு, ஊனம் இரண்டையும் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். 2017 திருத்தத்துக்குப் பின் மகப்பேறு விடுப்பு 26 வாரம். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தறிக்கொட்டகை இரைச்சலுக்குள் தூளி கட்டிக் குழந்தையைத் தூங்கவைக்கும் தாய்க்கு இரண்டும் எட்டவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்து, அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கியது. வேலையும் கொடுத்துவிட்டு, மாடிப்படி மட்டுமே உள்ள கட்டடத்தில் மேல்தளத்தில் மேசை போட்டுக் கொடுத்தால் அந்த 4 விழுக்காடு என்ன ஆகும்? சாய்தளம் ஒன்று வேலை ஆணைக்கு நிகரானது.

கடைசியாக, வெளியூரார். இன்று நாமக்கல் கோழிப்பண்ணையிலும் சேலம் கட்டட வேலையிலும் ஜேடர்பாளையம் வெல்ல ஆலைக் கொட்டகையிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. அவை பொய் என்று அரசு நிறுவியது. ஆனால், அதே ஆண்டில் ஜேடர்பாளையம் பக்கத்தில், ஒரு பெண் கொலையானதைத் தொடர்ந்து எழுந்த பகையில், ஆலைக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் மீது தீ வைக்கப்பட்டது உண்மை. அந்தப் பகையின் தீ வெளியூராரைச் சுட்டது.

இதில் மற்ற மாவட்டத்தாரைவிட நாமக்கல் மக்களுக்குக் கூடுதலாகத் தெரிந்த ஒன்று உண்டு. நாமக்கல் லாரி ஓட்டுநர் அசாம்வரை போகிறார், காசுமீர்வரை போகிறார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி மத்தியப் பிரதேசக் காட்டில் மாதக்கணக்கில் நின்று குழாய்க்கிணறு போடுகிறது, ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கிறது. மொழி தெரியாத ஊரில், எடைச்சாவடி ஊழியர் கத்தும்போது, போலீசு கை நீட்டும்போது, தாபாவில் கடைசி ஆளாகச் சோறு கிடைக்கும்போது, வெளியூரார் என்றால் என்னவென்று அந்த ஓட்டுநருக்கும் அந்த ரிக் தொழிலாளிக்கும் தெரியும். அவர்கள் வீட்டுத் தெருவிலேயே இருக்கும் பண்ணையில் ஓர் ஒடியாத் தொழிலாளி, தமிழில் மட்டும் எழுதிய ‘மின்சாரம், அபாயம்’ பலகையின் கீழே நிற்கிறார்.

மாநிலங்களுக்கிடையே இடம்பெயர் தொழிலாளர் சட்டம் 1979இலேயே வந்தது. கூலிப் புத்தகம் ஒன்றை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும், உள்ளூர்த் தொழிலாளிக்கு உள்ள கூலியைத் தர வேண்டும், தங்குமிடமும் மருத்துவமும் செய்து தர வேண்டும் என்று அது சொன்னது. அந்தக் கூலிப் புத்தகம் எத்தனை பண்ணையில் எழுதப்படுகிறது, பாதுகாப்புப் பலகை எத்தனை ஆலையில் ஒடியாவிலும் இந்தியிலும் இருக்கிறது, வாங்கிய அட்வான்ஸ் அவர்கள் படிக்கும் எழுத்தில் குறிக்கப்படுகிறதா என்பதெல்லாம் ஒரு தொழிலாளர் ஆய்வாளர் ஒரே நாளில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்த்துவிடக்கூடியவை.